கணினி விளையாட்டை வாங்கினால் அது நம் கையில் இருக்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு கணினி விளையாட்டை கூடையில் போட்டுப் பணம் கட்டப் போகும்போது, பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு வருவதை உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் வாங்குவது விளையாட்டை அல்ல, ஸ்டீமில் அதை ஆடுவதற்கான உரிமத்தை மட்டும்தான் என்பது அதன் சாரம். 2024 அக்டோபரிலிருந்து இந்தக் குறிப்பு இருக்கிறது. கடைக்காரர்களுக்குத் திடீரென்று மனசாட்சி உறுத்தியதால் வந்ததல்ல இது. கலிபோர்னியா மாநிலம் ஏபி 2426 என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெறும் உரிமத்தை விற்றுவிட்டு 'வாங்குங்கள்' என்று பட்டன் வைத்தால் அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. 2025 ஜனவரி 1ல் அமலுக்கு வந்தது. அங்கே ஒரு மாநிலம் அதட்டியதால் திருச்சியில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் உண்மை தெரிந்தது, அதற்கு நன்றி.

நான் ஸ்டீமின் எதிரி இல்லை. என் விளையாட்டுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் கிடக்கின்றன. கணினி விளையாட்டு என்றாலே அந்த ஒரு கடைதான் என்று ஆகிவிட்டது. 2025ல் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேர் உள்ளே இருந்த நாட்கள் உண்டு. செய்தித்தாள்களிலும் தள்ளுபடி வந்தால் ஸ்டீம் தள்ளுபடி, புது விளையாட்டு வந்தால் ஸ்டீம் விலை, அவ்வளவுதான். பூட்டில்லாமல் விற்கிற கடைகளும் இருக்கின்றன, அவற்றைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பூட்டு என்று நான் சொல்வது டி.ஆர்.எம். விளையாட்டைத் திறக்கும்போது, இது இந்தக் கணக்கில் வாங்கியதுதானா என்று கடையின் மென்பொருளையோ எங்கோ இருக்கும் சர்வரையோ கேட்டு, அங்கிருந்து சரி என்று பதில் வந்தால் மட்டும் ஓடவிடுகிற ஏற்பாடு. பாத்திரக் கடையில் குக்கர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும், சோறு வைக்கும் முன்னால் கடைக்காரருக்குப் போன் போட்டு அனுமதி கேட்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? அவர் கடையை மூடிவிட்டால் குக்கரும் மூடிக்கொள்ளும். இதை எந்த வீட்டிலும் ஏற்க மாட்டோம். விளையாட்டு என்றதும் ஏற்றுக்கொண்டுவிட்டோம், இருபது வருடமாக.

ஆமாம், இருபது வருடத்துக்கும் மேல். வால்வ் நிறுவனம் ஸ்டீமை 2003ல் தொடங்கியது. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, கடையில் பெட்டியோடு டிஸ்க் வாங்கியவர்கள்கூட ஸ்டீம் கணக்கு தொடங்கி, இணையத்தில் இணைத்து, பதிவு செய்தால்தான் ஆட முடியும் என்று வைத்தார்கள். அன்று திட்டாத ஆள் இல்லை. அப்புறம் தள்ளுபடி வந்தது, வசதி வந்தது, திட்டியவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள், நானும்தான்.

வசதி பொய் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால், வாங்கிய 14 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். ரூபாயில் விலை போடுகிறார்கள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுவதற்கு புரோட்டான் என்ற மென்பொருளை 2018ல் கொண்டுவந்து, வேறு யாரும் செய்யாத வேலையைச் செய்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஸ்டீம் தன் பூட்டை எல்லார் மீதும் திணிப்பதில்லை, அதைப் போடுவதும் விடுவதும் வெளியீட்டாளர் விருப்பம். பால்டர்ஸ் கேட் 3 போன்ற பெரிய விளையாட்டுகூட, ஸ்டீமில் இறக்கிய பிறகு அதன் கோப்பை நேரடியாகத் திறந்தால் ஸ்டீம் இல்லாமலே ஓடும். ஆனால் எதில் அந்தப் பூட்டு இருக்கிறது, எதில் இல்லை என்று கடைப் பக்கத்தில் எங்கேயும் போட்டிருக்காது. டெனுவோ போல வெளியார் பூட்டு இருந்தால் போடுகிறார்கள். தங்கள் சொந்தப் பூட்டைப் பற்றி மட்டும் மௌனம். ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கக் கணினியின் ஆழம் வரை போகும் கெர்னல் ஆன்டி-சீட் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று 2024ல் கட்டாயமாக்கியவர்களுக்கு இந்த ஒரு வரி ஒரு சிரமமா?

இவ்வளவு நல்ல கடை இருக்கும்போது என்ன குறை என்று என் மைத்துனர் கேட்கிறார். அந்த நல்லது எல்லாம் ஒரே ஒரு தனியார் நிறுவனத்தின் மனது. வால்வ் பங்குச் சந்தையில் இல்லை, நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. இன்று நடத்துகிறவர்கள் நன்றாக நடத்துகிறார்கள். நாளைக்கு யார் நடத்துவார்கள்? 2024 ஜனவரி 1ல் விண்டோஸ் 7க்கும் 8க்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்தியது. பாதுகாப்பு, உலாவியின் பழைய பாகங்கள் என்று காரணம் நியாயமானதுதான். ஆனால் விண்டோஸ் 7 காலத்தில் வாங்கிய விளையாட்டு அதே விண்டோஸ் 7 கணினியில் இன்றும் நன்றாக ஓடக்கூடியது, நடுவில் நிற்கிற கடையின் மென்பொருள்தான் ஓட மறுக்கும். பழைய கணினியைப் பத்திரமாக வைத்திருக்கிறவருக்கு இதைவிட எரிச்சல் வேறு வேண்டுமா?

அப்புறம் வாரிசு. ஸ்டீம் கணக்கை உயில் எழுதி மகனுக்கோ மகளுக்கோ கொடுக்க முடியாது, மாற்றத் தக்கதல்ல என்பதுதான் விதி. நான் இருநூறு விளையாட்டு சேர்த்து வைத்தாலும் எனக்குப் பின் சட்டப்படி அது யாருக்கும் இல்லை. (பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அப்பன் சேர்த்ததைப் பிள்ளை ஒளித்து ஆடும்படி வைப்பது ஒரு ஏற்பாடா?) விற்கவும் முடியாது. பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டு, ஸ்டீமில் வாங்கியதை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019ல் பாரிஸ் நீதிமன்றத்தில் தீர்ப்பும் வாங்கியது. 2022ல் மேல்முறையீட்டில் அது போய்விட்டது.

உரிமம் என்றால் நடைமுறையில் என்ன என்பதை 'தி க்ரூ' காட்டிவிட்டது. யூபிசாஃப்ட் 2014ல் வெளியிட்ட கார் பந்தய விளையாட்டு அது. தனியாகவே ஆடக்கூடிய கதை இருந்தது, ஆனாலும் எப்போதும் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்தினார்கள். விளையாட்டு செத்தது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்தார்கள். அந்தக் கோபத்தில்தான் ரோஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சர்வரை என்றென்றும் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது வாங்கியவன் தன் வீட்டில் ஆடும்படி விட்டுவிட்டுப் போ என்கிறார்கள்.

என் வீட்டில் நடந்தது இதற்கு முன் தூசு. வீடு மாறினோம், புது வீட்டுக்கு பிராட்பேண்ட் வரத் தாமதமானது, பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. எந்தக் கடை என்று சொல்ல விரும்பவில்லை, அங்கே காசு கொடுத்து வாங்கிய, ஒருவர் மட்டும் ஆடுகிற விளையாட்டு. விளையாட்டைத் திறந்துவிடும் கடையின் மென்பொருளான லாஞ்சர் லாகின் கேட்டது, போன் ஹாட்ஸ்பாட் கொடுத்தால் முதலில் தன்னை அப்டேட் செய்துகொள்ள வேண்டும் என்றது, மகள் கேரம் போர்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திருட்டு நகல் வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் அந்த விடுமுறை முழுவதும் நிம்மதியாக ஆடினான், அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, மாற்று என்ன? பலர் எபிக் கடையைச் சொல்வார்கள். 2018 டிசம்பரில் வந்தது, வாராவாரம் இலவசமாக விளையாட்டு தருகிறது, உருவாக்குகிறவர்களிடம் 12 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை (ஸ்டீம் பொதுவாக 30 எடுக்கும், விற்பனை பல மில்லியன் டாலரைத் தாண்டினால்தான் குறையும்). போட்டிக்கு நல்லதுதான். ஆனால் பூட்டு விஷயத்தில் அதுவும் இன்னொரு ஸ்டீம், அவ்வளவே. ஒரு லாஞ்சரிலிருந்து இன்னொரு லாஞ்சருக்கு மாறுவதை நான் மாற்று என்று சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது ஜிஓஜி போன்ற கடைகளை. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் 2008ல் தொடங்கியது. அவர்கள் கதை நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். தொண்ணூறுகளில் போலந்தில் சந்தைக்குச் சந்தை திருட்டு சிடிதான், நம் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் போல. அங்கே காசு கொடுத்து வாங்கும் சிடியை விற்க வந்தவர்கள், 1999ல் முதல் பால்டர்ஸ் கேட்டைப் போலிஷ் மொழியில் பேசவைத்து, பெட்டிக்குள் வரைபடம், பாட்டு சிடி எல்லாம் போட்டு விற்றார்கள். திருடனைவிட அதிகமாகக் கொடு, வாங்குகிறவன் வருவான் என்ற கணக்கு. பலித்தது. அதே கணக்கில்தான் பழைய விளையாட்டுகளைச் சரிசெய்து, பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜியும் வந்தது. இப்போது புதியவையும் உண்டு. விட்சர் 3, சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3 எல்லாம் அங்கே பூட்டில்லாமல் கிடைக்கின்றன.

அங்கே வாங்கினால் நடப்பது இதுதான். உங்கள் கணக்குப் பக்கத்தில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று கோப்புகள் இருக்கும். உலாவியிலேயே இறக்கிக்கொள்ளலாம், லாஞ்சர் வேண்டும் என்றால் கேலக்ஸி என்று ஒன்று இருக்கிறது, வேண்டாம் என்றால் வேண்டாம். பெரிய விளையாட்டு என்றால் துண்டு துண்டாகப் பல கோப்புகள் வரும், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைக்க வேண்டும். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால் நெட் இல்லாத கணினியிலும் நிறுவலாம், கடை நாளையே காணாமல் போனாலும் நிறுவலாம். அப்டேட் வந்தால் இன்ஸ்டாலரை மறுபடி இறக்க வேண்டும், அது கொஞ்சம் சள்ளை பிடித்த வேலை. ஒரு ஹார்ட் டிஸ்க்கை நம்பாமல் இரண்டில் வைப்பது நல்லது. அங்கேயும் சட்டப்படி விற்பது உரிமம்தான், ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கோப்பை யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியாது. கலிபோர்னியா சட்டம் வந்த நேரத்தில் ஜிஓஜி இதையே சொல்லி விளம்பரம் செய்தது.

அவர்களும் தடுக்கி விழாதவர்கள் இல்லை. 2021ல் ஹிட்மேன் விளையாட்டை அங்கே விற்றார்கள், அதில் பாதி விஷயத்துக்கு இணைய இணைப்பு வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்தார்கள், கடை பின்வாங்கி அதை எடுத்துவிட்டது. எனக்கு இது பிடித்த சம்பவம். கத்தினால் கேட்கிறார்கள். 2024 நவம்பரில் பழைய விளையாட்டுகளைப் புதுக் கணினிகளில் தொடர்ந்து ஓடவைக்கிறோம் என்று பாதுகாப்புத் திட்டம் ஒன்றையும் 100 விளையாட்டுகளோடு தொடங்கினார்கள். அதன் தேவை பெரிது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் ஆய்வு செய்து சொன்னது.

சின்ன விளையாட்டுகளுக்கு இட்ச்.ஐஓ இருக்கிறது, 2013லிருந்து. கடைக்கு எவ்வளவு பங்கு என்பதை அங்கே விளையாட்டை உருவாக்கியவரே தீர்மானிக்கலாம். பெரும்பாலும் ஒரு ஜிப் கோப்பு, இறக்கு, பிரி, ஆடு. ஜூம் பிளாட்ஃபார்ம் என்று இன்னொன்று, வீடியோ கால் ஜூம் இல்லை, பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்கும் கடை. ஹம்பிள் பண்டில் 2010ல் தொடங்கியபோது பூட்டில்லாத கோப்பு என்பதே அதன் பெருமை. இப்போது பெரும்பாலும் ஸ்டீம் கீ, அதாவது ஸ்டீமில் போட்டுத் திறக்கும் குறியீடுதான் தருகிறது. இப்படித்தான் ஒவ்வொரு ஆறாகப் போய் அந்த ஒரே கடலில் கலக்கிறது.

பூட்டில்லாவிட்டால் திருட்டு பெருகும் என்பார்கள். பூட்டிருந்தும் பெருகித்தானே இருக்கிறது. சிடி ப்ராஜெக்ட்டின் விட்சர் 2 வந்த 2011ல், கடையில் விற்ற டிஸ்க்கில் பூட்டுப் போட்டிருந்தார்கள், ஜிஓஜி பதிப்பில் இல்லை. வெளியான கொஞ்ச நாளிலேயே அந்தப் பூட்டை அவர்களே ஒரு பேட்ச் (திருத்தக் கோப்பு) விட்டு எடுத்துவிட்டார்கள். டெனுவோ போட்ட பல நிறுவனங்களும் சில மாதமோ சில வருடமோ கழித்து அதைத் தாங்களே எடுத்துவிடுகின்றன. முதல் சில வார விற்பனையைக் காக்கத்தான் அது என்றால், எடுக்கும் தேதியையும் பெட்டி மேலேயே எழுதிவிடலாமே! ஆறு மாதம் பூட்டு, பிறகு திறந்த இன்ஸ்டாலர் என்று யாராவது சொல்லட்டும், நான் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்குகிறேன்.

நம் சட்டம் இதில் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 52வது பிரிவில், முறையாக வைத்திருக்கும் கணினி மென்பொருளை, தொலைந்து போனால் உதவும் என்று பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. ஆக பிரதி எடுக்க உரிமை உண்டு, அந்தப் பிரதி சர்வர் இல்லாமல் ஓடாது, அதற்கு என்ன வழி என்பதைச் சட்டம் நம்மிடமே விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டம் கொண்டுவந்தது, ஆனால் அதன் கவலை முக்கியமாகப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள். தேவையான சட்டம்தான், இந்தப் பிரச்சினை வேறு. எனக்கு நம்பிக்கை இருப்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம். இணையக் கடைகள் வாங்குகிறவர்களை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் பட்டியல் போட்டுத் தடுத்தவர்கள் அவர்கள். உரிமத்தை விற்பனை போலக் காட்டுவதை 14வதாகச் சேர்க்கக் கூடாதா? கலிபோர்னியா கேட்டு வாங்கியதை டெல்லி கேட்க முடியாதா?

நம் பிள்ளைகள் விளையாட்டு உருவாக்கவும் இறங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2023ல் டொரண்டோவிலிருந்து 'வெண்பா' வந்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அந்த அம்மாவிடம் தன் தாயின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கும் அதிலிருந்து இட்லியும் பிரியாணியும் எப்படிச் செய்வது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரிட்டனின் பாஃப்டா விருது வரை போனது. இப்படிப்பட்ட விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள் எந்தப் பெரிய கடையில் வேண்டுமானாலும் விற்கட்டும், விற்றால்தான் அடுத்ததைச் செய்ய முடியும். கூடவே பூட்டில்லாத பதிப்பு ஒன்றை இட்ச்சிலோ ஜிஓஜியிலோ வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். முப்பது வருடம் கழித்து ஒரு நூலகத்திலோ பேரன் பேத்தியின் கணினியிலோ அது திறக்க வேண்டும், அப்போது எந்தக் கடையின் சர்வர் உயிரோடு இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

விலையைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீமில் பல விளையாட்டுகளுக்கு இந்தியாவுக்கென்று குறைத்த ரூபாய் விலை இருக்கிறது, வெளிக்கடைகளில் டாலரில் வாங்கினால் கார்டு கட்டணமும் சேரும். கல்லூரி மாணவரிடம் போய்க் கொள்கைக்காக 400 ரூபாய் அதிகம் கொடு என்று நான் சொல்ல மாட்டேன். நான் வைத்திருக்கும் வழக்கம் வேறு: நண்பர்களோடு நெட்டில் ஆடும் விளையாட்டு என்றால் ஸ்டீம், எப்படியும் சர்வர் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. தனியாக ஆடும் கதை விளையாட்டு, திரும்பத் திரும்ப ஆடத் தோன்றும் பழைய விளையாட்டு என்றால் ஜிஓஜி தள்ளுபடி வரும் வரை காத்திருந்து வாங்குகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு வரிதான். விளையாட்டு விமர்சனத்தின் கீழே விலை, தேவைப்படும் ரேம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் போடுகிறீர்கள். அதோடு மூன்று விவரம் சேருங்கள்: தனியாக ஆடவும் இணையம் வேண்டுமா, கடையின் லாஞ்சர் இல்லாமல் ஓடுமா, பூட்டில்லாத பதிப்பு எங்கே கிடைக்கிறது. தள்ளுபடிப் பட்டியல் போடும்போது இரண்டாவது கடையின் விலையையும் பக்கத்தில் போடுங்கள். விவரம் கிடைக்காவிட்டால் வெளியீட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் 'கேட்டோம், சொல்லவில்லை' என்று அச்சிடுங்கள். நான் ஒருவன் கேட்டால் தானியங்கிப் பதில்தான் வருகிறது, பத்திரிகை கேட்டால் ஒருவேளை மனிதர் யாராவது படிப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
திருச்சி